புகைச் சோதனையும் தீப்பொறி நேரமும்



தமிழ்நாட்டில் வாகனம் வைத்திருந்தோர் புகைச் சான்றிதழை நன்கறிவர். இலங்கையிலிருந்து வந்தோர் வருமான அனுமதிப்பத்திரத்திற்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குச் சென்றிருப்பர். விக்டோரியாவில் தனியார் கார்களுக்கு அத்தகைய ஆண்டுச் சோதனை இல்லை. பதிவுள்ள காரை விற்கும்போது ரோட்வொர்த்தி சான்றிதழ் தேவை. அது 30 நாள்களுக்குச் செல்லும். ஆயினும் அது பாதுகாப்பு பற்றியதே. இயந்திரம் நீடித்து உழைக்கும் என்பதற்கான உத்தரவாதம் அன்று.

அதனால் புகையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை எனக் கருதலாகாது. 10 விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து புகை கக்கும் வாகனத்தைப் பற்றி ஈ.பி.ஏ. விக்டோரியாவிடம் எவரும் முறையிடலாம். அப்போது பலர் முதலில் எண்ணுவது, "டைமிங்கைச் சற்றுத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும்" என்பதே. இவ்வெண்ணமே முதல் தவறு.

கண்ணுக்குத் தெரியும் புகைக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு. நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்பும் நீங்காத வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டக்கூடும்.

தீப்பொறி நேரம் என்பது, பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்கு எத்தனை பாகை முன்பாக ஸ்பார்க் பிளக் பொறியை விடுகிறது என்பதாகும். அது மிகவும் முந்தினால் எஞ்சின் தட்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத பெட்ரோலும் கூடும். அதனைப் பிந்தச் செய்தால் சோதனைக் கருவி காட்டும் அளவு குறையலாம். ஆனால் ஆற்றல் குறையும், பெட்ரோல் செலவு ஏறும், புகைபோக்கி வழியே செல்லும் வாயு மிகச் சூடாகும். சோதனைக்காக மட்டும் பிந்தச் செய்வது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பது அன்று.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில் அளக்கும்போதே பிழைகள் நேர்கின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளத்தல். தயாரிப்பாளர் கழற்றி அடைக்கச் சொன்ன வெற்றிடக் குழாயை அப்படியே விட்டுவிடுதல். ஐடில் வேகம் மிகுந்திருக்கும்போது அளத்தல். முதல் சிலிண்டரின் வயரில் அல்லாமல் வேறொன்றில் டைமிங் லைட்டைப் பொருத்துதல் ஆகியவை அவற்றுட் சில. பாயிண்ட் இடைவெளியை டைமிங் வைத்த பிறகு மாற்றினால், வைத்த டைமிங்கும் மாறிவிடும். ஆகவே இடைவெளியை முதலில் சரிசெய்தல் வேண்டும். சரியான அளவு எஞ்சின் அறையின் ஒட்டுச்சீட்டிலோ பணிமனைக் கையேட்டிலோ இருக்கும்.

இன்றைய கார்களில் தீப்பொறி நேரத்தைக் கணினியே தீர்மானிக்கிறது. திருப்புவதற்கு எதுவும் இல்லை. அத்தகைய காருக்கு "டைமிங் வைத்தேன்" என்று கட்டணம் கேட்டால், எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எந்தப் பிழைக் குறியீடு கிடைத்தது என எழுத்தில் கேளுங்கள். டைமிங் பெல்ட் ஒரு பல் தவறிப் பொருத்தப்பட்டிருத்தலும் உணரி பழுதும் உண்மையான காரணங்களாக இருக்கக்கூடும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். பொறி தவறும்போது எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைந்து, அதனை உருக்கிவிடும். ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதோடு முடியவேண்டிய செலவு பன்மடங்காகும். செலவை மிச்சப்படுத்த அக்கருவியைக் கழற்றிவிடுவது சட்டத்திற்கு முரணானது.

பழைய காரை முதன்முதலாக வாங்குவோர், ரோட்வொர்த்தி சான்றிதழோடு நிறைவடையாமல், விற்பவருடன் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பணம் கொடுப்பதற்கு முன்பே சோதிப்பது நலம்.

ஈ.பி.ஏ. அலுவலகத்துடன் தமிழில் உரையாட விரும்புவோர் 131 450 என்னும் எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, 1300 372 842 என்னும் எண்ணுக்கு இணைக்குமாறு கேட்கலாம்.