விழும் கல்லும் விளையாட்டின் நீதியும்



மலைக்கணவாய் ஒன்றினூடே வீரர் சிலர் செல்கின்றனர். மேலிருந்து பாறையொன்று பெயர்ந்து விழுகின்றது. அதன் கீழ் அகப்பட்டவன் பிழைப்பானா, மடிவானா? மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரின் கற்பனையில் மட்டுமே நிகழும் காட்சி இது. ஆயினும், ஒருவர் பல மாதங்களாகப் பேணி வளர்த்த பாத்திரத்தின் உயிர் அவ்வினாவின் விடையில் தங்கியுள்ளது.

இத்தகைய விளையாட்டுகளுக்கு முன்னோடி, ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி, 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் பாத்திரங்களை ஏற்பர். ஐயத்துக்குரியவற்றைப் பகடை தீர்க்கும்.

2003 ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு, விழும் பொருளுக்கு விரிவான விதி வகுத்தது. குறைந்தது 10 அடி விழும் பொருளுக்கு, ஒவ்வொரு 200 இறாத்தலுக்கும் ஓர் அறுமுகப் பகடை. முதற் பத்தடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு 10 அடிக்கும் மேலுமொன்று. எனவே, 400 இறாத்தற் கல் 30 அடியிலிருந்து வீழ்ந்தால் நான்கு பகடைகள்; சராசரிச் சேதம் 14. ஓர் இறாத்தலுக்குக் குறைந்த பொருளால் சேதமே இல்லை.

இயற்கையின் கணக்கு வேறு. காற்றின் தடையை நீக்கி நோக்கினால், விழும் பொருளின் ஆற்றல் எடையையும் உயரத்தையும் பெருக்கிய அளவினது. இரண்டையும் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். விதியோ பெருக்காது கூட்டுகின்றது: 800 இறாத்தற் கல் 60 அடி வீழ்ந்தாலும் ஒன்பது பகடைகளே.

2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு எடைக் கணக்கைக் கைவிட்டு, நடத்துநரின் மதிப்பீட்டுக்குச் சில எடுத்துக்காட்டுகளை மட்டும் தந்தது. சரியும் புத்தக அலுமாரிக்குப் பத்துமுகப் பகடை ஒன்று. இடியும் சுரங்கத்தின் கற்குவியலுக்கு நான்கு.

இவற்றுள் எது சிறந்தது? அட்டவணை இயற்கைக்கு முற்றும் பொருந்தாவிடினும், நண்பன் தலையில் விழும் கல்லையும் பிடிக்காதவன் தலையில் விழும் கல்லையும் ஒரே தராசில் நிறுக்கின்றது. மதிப்பீடோ விரைவானது, எனினும் நடத்துநரின் நடுநிலைமையையே அது நம்பியிருக்கின்றது. ஆதலின், பகடையை உருட்டுமுன் அதன் தொகையை அனைவரும் கேட்க அறிவித்தல் அவர் கடன். அவ்வாறு அறிவித்தபின் பாத்திரம் மடியினும், ஆடியவர் துயருறுவாரேயன்றி வஞ்சிக்கப்பட்டதாகக் கருதமாட்டார்.