சிவப்புப் பட்டைக்குள் சாய்ந்த எழுத்து

இன்னிக்கு ஒரே ஒரு எழுத்துருவைப் பத்திப் பேசப்போறோம்: ஃபியூச்சுரா போல்ட் ஆப்ளிக். பேர் தெரியலைன்னாலும் பார்த்திருப்பீங்க. சிவப்புப் பட்டை, அதுக்குள்ள வெள்ளை நிறத்துல தடிமனா, வலப்பக்கம் சாய்ஞ்ச ஆங்கில எழுத்து.

ஃபியூச்சுராவை வடிவமைச்சவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர். பவர் என்ற அச்செழுத்து நிறுவனம் 1927-ல் வெளியிட்டது. காம்பஸ், ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கும். இட்டாலிக்னா கையெழுத்துலருந்து வந்தது, அதுல சில எழுத்துகளோட உருவமே மாறும். ஆப்ளிக்ல அப்படியில்லை, நேரா நிக்கிற எழுத்துதான் சாயுது. ஆனா கம்ப்யூட்டர்ல சும்மா இழுத்துச் சாய்ச்சா போதாது. வட்டமான 'ஓ' எழுத்து சில இடத்துல தடிச்சும் சில இடத்துல மெலிஞ்சும் போயிடும். அதைக் கண்ணால பார்த்துத் திருத்தணும்.

இதோட குணம் என்ன? தடித்த எழுத்து நின்ன இடத்துல நின்னு சத்தம் போடும். சாய்ஞ்சா, நாம படிக்கிற திசையிலேயே ஓடுற மாதிரி ஒரு வேகம் வரும். அதனால நாலஞ்சு சொல்லுக்கு இது பிரமாதம். சின்ன அளவுல போட்டா எழுத்துக்குள்ள இருக்கிற இடைவெளி அடைச்சுக்கும். ஒரு பத்தி முழுக்கப் போட்டா எதுவுமே தனியாத் தெரியாது.

இதைப் பிரபலமாக்கினவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர். பத்திரிகையில் வடிவமைப்பாளரா வேலை பார்த்தவர். விளம்பரம் நம்மகிட்ட எப்படிப் பேசும்னு அவருக்குத் தெரியும். 1980-களில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மேல இந்த எழுத்தை வச்சு, நுகர்வு, அதிகாரம், பெண்ணுடல் பத்திக் கேள்வி கேட்டார். 1989-ல் வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமைக்காக நடந்த பேரணிக்கு அவர் செஞ்ச போஸ்டர் ரொம்பப் பிரபலம். விற்கிறவனோட குரலை எடுத்து, விற்பனையையே கேள்வி கேட்டார்.

அப்புறம் 1994-ல் நியூயார்க்கில் சுப்ரீம்னு ஒரு ஸ்கேட்போர்டு கடை வந்தது. அதோட லோகோவும் சிவப்புப் பெட்டிக்குள்ள ஃபியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்துதான். அது க்ரூகர் பாணின்னு பரவலா சொல்றாங்க. 2013-ல் அந்த லோகோவைக் கிண்டல் பண்ணி உடை வித்த ஒரு சின்ன பிராண்டு மேல சுப்ரீம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. க்ரூகர்கிட்ட கருத்துக் கேட்டப்போ, எல்லாரையும் சேர்த்தே கிண்டலடிச்சார். 2017-ல் நியூயார்க்கில் ஒரு ஸ்கேட் பூங்காவையே தன் எழுத்தால நிரப்பினார். 2020-ல் சுப்ரீமை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்க ஒப்புக்கொண்ட விலை இருநூறு கோடி டாலருக்கு மேல.

அப்போ க்ரூகர் தோத்துட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. அந்த வடிவம் கடைத்தெருவிலிருந்து வந்தது, கடைத்தெருவுக்கே திரும்பிப் போச்சு. அவர் போஸ்டர்ல நமக்கு உறைக்கிறது அந்த வாசகம். அதைச் சாதாரண எழுத்துல போட்டாலும் உறைக்கும். லோகோவுல சிவப்பையும் சாய்வையும் எடுத்துட்டா மிஞ்சுறது ஒரு கடையோட பேர்.

போஸ்டர் செய்யற நண்பர்களுக்கு ஒண்ணு சொல்றேன். வாசகத்தை முதல்ல மெல்லிய, நேரான எழுத்துல அடிச்சுப் பாருங்க. அங்கேயே அது நின்னா, அப்புறம் தடிமனும் சாய்வும் கொடுங்க. நிக்கலைன்னா மாத்த வேண்டியது எழுத்துருவை இல்லை, வாசகத்தை.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.