வெண்மையில் கலந்த சிவப்பு

குண்டு பல்பைக் கழற்றி எல்.இ.டி. விளக்கை மாட்டியதும், சோறுகூட நீலம் பாய்ந்தது போலத் தெரிகிறதே என்று தாய்மார்கள் குறைப்படுவதுண்டு. காரணம் என்ன?

அந்த விளக்கினுள் இருக்கும் சிறு சில்லு தருவது நீல ஒளி. அதன்மேல் பூசிய பாஸ்பர் என்னும் பொடி, நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. மிஞ்சிய நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. 1996-இல் ஜப்பானில் இவ்வகை விளக்கு வெளிவந்தது. ஆனால், சிவப்பு குறைவு. குங்குமமும் மிளகாய்ப் பழமும் மங்கித் தெரிந்தன.

சிவப்பு தரும் பொடி எளிதில் அமையவில்லை. முதலில் கிடைத்த சில பொடிகள் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டன. பின்னர், நைட்ரைடு என்னும் சேர்மத்தில் யூரோப்பியம் என்ற உலோகத்தைச் சிறிதளவு கலந்து செய்த பொடி சூட்டைத் தாங்கியது. அதை மஞ்சள் பொடியோடு சேர்த்ததும் இதமான வெண்மை பிறந்தது.

விளக்கு வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்றால் இதமான ஒளி. 6500 என்றால் நீலச் சாயல். இரவில் நீல ஒளி மிகுந்தால் தூக்கம் தள்ளிப்போகும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர் வீட்டுக்கு எது ஏற்றது என்று சொல்லவும் வேண்டுமா?