லாக் ஃபைலுக்கு எத்தனை நாள் ஆயுள்?

(கணியம்பாடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அடுத்தது சாப்பாடு, சுருக்கமா முடிச்சுடுங்க" என்று செயலாளர் காதில் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

யார் உள்ளே வந்தார், என்ன கேட்டார், எது பழுதானது என்று லினக்ஸ் சர்வர் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் லாக் ஃபைல். அப்படியே விட்டால் ஒருநாள் டிஸ்க் நிரம்பி சர்வரே படுத்துவிடும். கிராமக் கணக்கில் ஜூலை முதல் தேதி புதுப் பசலி பிறக்கிறதல்லவா? அதுபோல லாக்கையும் குறித்த காலத்தில் முடித்துவைத்து, புதியதைத் திறந்து, மிகப் பழையதை அழிப்பது 'லாக்ரொட்டேட்' என்ற சின்னப் புரோகிராமின் வேலை.

எத்தனை பழையதை வைத்திருக்கும்? டெபியனோடு வரும் பொது அமைப்பில் 'வீக்லி', 'ரொட்டேட் 4' என்று இருக்கும். நாலே வாரம்! பலர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, கம்பெனிகளும் அரசு நிறுவனங்களும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்கிறது. கெடுபிடி என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. திருடன் வந்து போனது மூணு மாசம் கழித்துத் தெரிந்தால், அவன் காலடித் தடத்தை அதற்குள் நாமே பெருக்கித் தள்ளியிருப்போமே!

"அப்போ 4-ஐ 26-ஆ மாத்திட்டா போதுமா சார்?" என்று கேட்பீர்கள். 26 வாரம், 182 நாள். கணக்கு சரிதான். ஆனால் வெப் சர்வர் போன்றவற்றுக்கு 'லாக்ரொட்டேட்.டி' டைரக்டரியில் தனித்தனி ஃபைல் இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான் செல்லும், பொது அமைப்பு அங்கே எடுபடாது. இன்னொன்று, 'சைஸ்' என்று அளவைவைத்துச் சுற்றவிட்டால் 26 என்பது வாரக் கணக்கே அல்ல. யாராவது ஒருவன் பாஸ்வேர்டை ஊகித்து இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருந்தால், லாக் ஊதிப் பெருத்து, 26 ஃபைலும் 180 நாளுக்கு வெகு முன்பே சுழன்று போயிடும். எந்த வாரத்தின் லாக் நமக்கு வேண்டுமோ அதற்கு முந்தையதெல்லாம் காலி. இடம் போதவில்லையென்றால் 'கம்ப்ரஸ்' வரிக்கு முன்னால் இருக்கும் '#' குறியை எடுத்துவிடுங்கள். எழுத்து ஃபைல் வெகுவாகச் சுருங்கும்.

மாணவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஃபைலின் பெயரை மாற்றினாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் பழைய ஃபைலிலேயேதான் எழுதிக்கொண்டிருக்கும். நோட்டின் அட்டையை மாற்றினால் எழுதுகிறவர் கையிலிருக்கும் நோட்டு மாறிவிடுமா? புது ஃபைலைத் திறக்கச்சொல்லி 'போஸ்ட்ரொட்டேட்' பகுதியில் சிக்னல் அனுப்பவேண்டும். அதற்கு இணங்காத புரோகிராமுக்கு 'காப்பிட்ரன்கேட்' இருக்கிறது. நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலிசெய்யும். அந்த இடைவெளியில் ஓரிரு வரி தவறலாம்.

எதை மாற்றினாலும் முதலில் 'மைனஸ் டி' போட்டு ஓட்டிப்பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டு லேபுக்கு வாருங்கள், ஒரு மெஷினில் போட்டே காட்டுகிறேன்.