30 பிள்ளைகளா, 31 பிள்ளைகளா? நம்ம ஊர்ப் பள்ளியின் கணக்கு

(சேரன்மகாதேவி வட்டாரப் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பீடித் தட்டை இறக்கி வச்சிட்டு வந்திருக்கிற அக்காமார்களுக்கும், வயல் வேலைக்கு நடுவுல வந்திருக்கிற அண்ணாச்சிமார்களுக்கும் நன்றி. உங்க ஊர் அரசுப் பள்ளியைப் பத்தி மூணே மூணு கேள்வி. எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்க? எவ்வளவு பணம் வருது? பிள்ளைங்க என்ன கத்துக்கிறாங்க? இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு.

முதல்ல எண்ணிக்கை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். ஆக, ஊர்லயே பிள்ளைங்க குறைவு. வேலைக்காகக் குடும்பத்தோட வெளியூர் போறவங்க உண்டு. காலையில வேன் வந்து ஏத்திட்டுப் போற தனியார் பள்ளிகளும் உண்டு. அதனால ஒரு பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சா, அது மோசமான பள்ளின்னு உடனே முடிவு கட்டிடாதீங்க.

எண்ணிக்கையை உங்க போன்லயே பார்க்கலாம். மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்' என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-ல் தொடங்கும். தலைமையாசிரியரிடம் கேட்டால் சொல்வார். மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். அங்கே போட்டிருக்கிறதும் நீங்க நேர்ல பார்க்கிறதும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

அடுத்தது பணம். ஆசிரியர் சம்பளம் தனி. அன்றாடச் செலவுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. மின்கட்டணம், குடிநீர், சாக்பீஸ், சின்னச் சின்னப் பழுது எல்லாம் இதில்தான். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். திட்ட விதிப்படி அளவு இதுதான்:

30 பிள்ளைகள் வரை: 10,000 ரூபாய்
31 முதல் 100 வரை: 25,000 ரூபாய்
101 முதல் 250 வரை: 50,000 ரூபாய்
251 முதல் 1,000 வரை: 75,000 ரூபாய்
1,000-க்கு மேல்: 1 லட்சம் ரூபாய்

30 பிள்ளைங்க இருக்கிற பள்ளிக்கு மாசக் கணக்குல பார்த்தா 833 ரூபாய்தான். இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தா வருஷத்துக்கு 15,000 ரூபாய் கூடும். ஆசிரியர் கணக்கும் இப்படித்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்; 61 ஆனால் மூன்று. ஜூன் மாசம் நீங்க எடுக்கிற முடிவு உங்க வீட்டுப் பிள்ளையோட மட்டும் நிக்கிறதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் இருப்பாரா இல்லையாங்கிறதும் அதுல இருக்கு.

இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான மத்தியப் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், வராமல் நின்றது. அதனால் "மானியம் வந்துச்சா, எப்ப வந்துச்சு, எதுக்குச் செலவாச்சு?" என்று கேட்பது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. நிலவரம் தெரிந்துகொள்ளத்தான்.

மூணாவது, படிப்பு. சின்னப் பள்ளியோட தேர்ச்சி சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 8 பேர் பத்தாம் வகுப்பு எழுதி ஒருத்தர் தவறினா 87.5 சதவீதம். அடுத்த வருஷம் 8 பேரும் பாஸானா 100. நடுவுல மாறினது ஒரு பிள்ளையோட மார்க்தான். அதனால மூணு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்க.

தொடக்கப் பள்ளியில் பொதுத்தேர்வு கிடையாது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். "எம் பிள்ளை எந்த நிலையில இருக்கு? போன பருவத்துல எங்க இருந்தது?" என்று டீச்சரிடம் கேளுங்க. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில், ஆறு மாதமாக அரும்பிலேயே நிற்கும் பிள்ளையை நீங்களும் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க ஒரு இடம் இருக்கு: பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 உறுப்பினர்கள். மானியச் செலவைக் கண்காணிப்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் இவர்கள் வேலை.

10,000 ரூபாய்ல சுவர் கட்ட முடியாது. ஆனா ஆபத்தான சுவரைத் தீர்மானத்துல எழுத முடியும். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததை நாம மறக்க முடியாது. விரிசல் தெரிஞ்சா வாய்ச்சொல்லோட விடாம எழுத்துல கொண்டு வாங்க. தீர்மானம் 'டி.என்.எஸ்.இ.டி. பேரன்ட்ஸ்' செயலியில் பதிவாச்சான்னும் பாருங்க.

கூட்டம் பீடிக்கடைக்குப் போற நேரத்துலயோ பிசான நடவு நாள்லயோ வச்சா உங்களால வர முடியாது. நேரத்தை மாத்தச் சொல்லுங்க, அது உங்க குழு. சென்னை, மும்பைனு போன உங்க சொந்தக்காரங்க 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியா உதவலாம். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்த கூட்டத் தேதியை இன்னைக்கே பள்ளியில கேட்டு வச்சுக்கோங்க. எத்தனை பேர், எவ்வளவு பணம், என்ன படிப்பு. இந்த மூணையும் எழுதிட்டுப் போங்க. ஒருத்தரா போகாம, பக்கத்து வீட்டு மதினியையும் கூட்டிட்டுப் போங்க.