வங்கிக் கணக்கில் தவறான பிடித்தமா? எழுதிக் கேளுங்கள்!

(உழவர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



விதை நேர்த்தி பற்றியும் உர அளவு பற்றியும் கேட்க வந்திருக்கும் உங்களிடம் இன்று நான் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நெல்லை எடை போடும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். ஒரு கிலோ குறைந்தாலும் வியாபாரியை அங்கேயே நிறுத்திக் கேட்போம். ஆனால் வங்கியில் வரவு செலவு பதிந்து கொடுக்கும் பாஸ் புத்தகத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

அண்மையில் உழவர் ஒருவர் தம் பாஸ் புத்தகத்தை என்னிடம் காட்டினார். பி.எம். கிசான் திட்டத்தில் தவணைக்கு ரூ.2,000 வர வேண்டும். அவர் எடுக்கப் போனபோது கணக்கில் இருந்தது ரூ.1,410. "அரசாங்கம் தொகையைக் குறைத்துவிட்டது போலிருக்கிறது, ஐயா" என்றார். வரி வரியாகப் பார்த்தோம். அரசு முழுத் தொகையையும் அனுப்பியிருந்தது. அதற்கு முன்பே, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ரூ.500 கட்டணமும், அதன் மேல் 18 சதவீத வரியாக ரூ.90ம் பற்று எழுதியிருந்தார்கள். கணக்கில் பணமே இல்லாததால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. 2,000 வந்ததும் முதலில் அந்த 590 கழிந்துவிட்டது.

இப்படிப் பிடிப்பது சரியா? சரியில்லை. எந்த விதியின்படி சரியில்லை, அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சேமிப்புக் கணக்கு

குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் கட்டணம் வாங்க வங்கிக்கு அனுமதி உண்டு. பல வங்கிகள் இப்போது இக்கட்டணத்தைக் கைவிட்டுவிட்டன. வாங்கும் வங்கிகளும் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20ல் வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இது:

1. இருப்பு குறைந்ததும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சரி செய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும்.

2. எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் கட்டணம் இருக்க வேண்டும். 50 ரூபாய் குறைந்தவருக்கும் 900 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே தொகை கூடாது.

3. இந்தக் கட்டணத்தினால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

மேலே சொன்ன உழவருக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. கணக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. இரண்டு விதிகள் மீறப்பட்டிருந்தன.

மானியத் தொகைக்கென்று மட்டும் கணக்கு வைத்திருப்போர், அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு வங்கியில் எழுதிக் கேட்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

பயிர்க் கடன் கணக்கு

1998ல் தொடங்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை, உங்களில் பலரிடம் இருக்கிறது. இது ஒரு வகை மிகைப்பற்றுக் கணக்கு. அனுமதித்த வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கலாம். கையில் பணம் வந்தபோது கட்டலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. இந்தக் கணக்கில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பரிசீலனைக் கட்டணம், ஆவணக் கட்டணம், வயலைப் பார்வையிட்டதற்கான இன்ஸ்பெக்ஷன் கட்டணம், லெட்ஜர் கட்டணம் ஆகியவை. 3 லட்சம் ரூபாய் வரையுள்ள பயிர்க் கடனுக்கு இவற்றை வாங்க வேண்டாம் என்று இந்திய வங்கிகள் சங்கம் 2019 பிப்ரவரியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. உங்கள் கணக்கில் இவை பற்று எழுதப்பட்டிருந்தால், இந்த அறிவுரையைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது, தவணை தவறியதற்கான அபராதம். முன்பெல்லாம் இதை வட்டி விகிதத்தோடு கூட்டி, அபராத வட்டி என்று போட்டுவந்தார்கள். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18ல் இதை மாற்றியது. 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. அபராதத்தைத் தனிக் கட்டணமாகத்தான் வாங்கலாம். வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது. அந்த அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. தொகையும் காரணமும் கடன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, வட்டிக்கு வட்டி. இதை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

வட்டியை எப்போது அசலில் சேர்க்கலாம்?

வியாபாரிக்கு நாள்தோறும் வரவு உண்டு. உழவருக்கு அறுவடையின்போதுதான் வரவு. அதனால் விவசாயக் கடனுக்கு மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வட்டியை அசலில் சேர்ப்பது பொருந்தாது. சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் ரவீந்திரா என்னும் வழக்கில், 2001 அக்டோபரில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகக் கூறியது. விவசாயக் கடனை மற்றக் கடன்களிலிருந்து வேறாகவே நடத்த வேண்டும்; அந்தப் பகுதியின் பயிர்ச் சுழற்சிக்கேற்ப ஆண்டுக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோதான் வட்டியை அசலில் சேர்க்கலாம் என்பது அத்தீர்ப்பு.

இதனால் எவ்வளவு வேறுபாடு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 லட்சம் ரூபாய் கடன், தவணை தவறி 3 ஆண்டு நின்றுவிட்டது. வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 3 ஆண்டு வட்டி ரூ.40,493.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் ரூ.42,576.
மாதந்தோறும் சேர்த்தால் ரூ.43,077.

கடனும் அதே, வட்டி விகிதமும் அதே. சேர்க்கும் முறை மாறியதால் மட்டும் ரூ.2,584 கூடிவிடுகிறது. 45 கிலோ யூரியா 9 மூட்டை வாங்கும் பணம் அது. ஆகவே கணக்கில் வட்டி பற்று எழுதிய தேதிகளைப் பாருங்கள். மாதாமாதம் எழுதியிருந்தால், எந்த அடிப்படையில் என்று கேளுங்கள்.

காப்பீட்டுப் பிடித்தம்

ஆண்டுதோறும் ரூ.436 பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடாக இருக்கும். ரூ.20 என்றால் விபத்துக் காப்பீடு. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் நீங்கள் சம்மதம் கொடுத்திருந்தால்தான் பிடிக்கலாம். கொடுத்த நினைவு இல்லையென்றால், கையொப்பமிட்ட படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பயிர்க் காப்பீடு வேறு. கடன் பெற்ற உழவருக்கும் இது 2020 காரிப் பருவம் முதல் கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்போர், சேர்வதற்கான கடைசி நாளுக்கு 7 நாள் முன்னதாக வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவரிடம் பிரீமியம் பிடிப்பது தவறில்லை. அப்படிப் பிடித்தால், பயிரின் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று அப்போதே பார்த்து ரசீது வாங்குங்கள். பயிர் அழிந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

கேட்கும் முறை

தவறு தெரிந்ததும் கவுண்டரில் நின்று சத்தம் போடுவதால் ஒன்றும் நடக்காது. அங்கே இருப்பவர் அந்தக் கட்டணத்தைப் போட்டவராகவும் இருக்க மாட்டார். பல கட்டணங்கள் கணினியில் தாமாகவே விழுகின்றன. எழுதிக் கேட்பதே வழி. முதலில் ஓராண்டுக் கணக்கு விவரத்தை அச்செடுத்து வாங்குங்கள். சந்தேகமான வரிகளைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு இவ்வாறு எழுதுங்கள்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, எனது கணக்கு எண் (இங்கே எண்ணை எழுதவும்). இக்கணக்கில் (தேதி) அன்று ரூ.(தொகை) பற்று எழுதப்பட்டுள்ளது. இது எதற்காக, எந்த விதியின்படி எழுதப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். இது குறித்து எனக்கு முன்னறிவிப்பு ஏதும் வரவில்லை. விதிக்குப் புறம்பானது எனில் இத்தொகையை என் கணக்கில் திரும்ப வரவு வைக்கக் கோருகிறேன். கணக்கு விவரத்தின் நகலை இணைத்துள்ளேன்."

இவ்வளவு போதும். வசையும் வேண்டாம், வரலாறும் வேண்டாம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

30 நாள் பொறுத்திருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்று கருதினாலோ, ஆம்புட்ஸ்மன் எனப்படும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இந்த ஏற்பாடு 1995ல் தொடங்கியது. 2021 நவம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக ஒருங்கிணைக்கப்பட்டது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். இணையத்திலும் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியதற்குச் சான்று இருந்தால்தான் ஏற்பார்கள். முத்திரை வாங்கிய அந்தப் பிரதியின் அருமை அப்போது தெரியும். காலம் தாழ்த்தினால் தள்ளிவிடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கடன் பெற்றது ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் என்றால், இந்தக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. முதலில் சங்கச் செயலாளருக்கும், பிறகு கூட்டுறவுச் சங்கங்களின் சரகத் துணைப்பதிவாளருக்கும் எழுத வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

"கணக்கில் தவறு இருக்கிறது, அது தீரும் வரை கடனைக் கட்ட மாட்டேன்" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இது பெருந்தவறு. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டியவருக்கு 3 சதவீதம் தள்ளுபடி. 1 லட்சம் ரூபாயை ஓராண்டு வைத்திருந்தால் வட்டி ரூ.7,000, நாள் தவறாமல் கட்டினால் ரூ.3,000 திரும்பக் கிடைக்கும். 590 ரூபாய்க்காகக் கோபித்துக்கொண்டு கெடுவைத் தவறவிட்டால் அந்த 3,000 போய்விடும். தவணை தவறியவர் என்ற பெயரும் பதிவாகி, அடுத்த கடனுக்கு இடையூறாகும். ஆகவே கட்ட வேண்டியதைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். வழக்குள்ள தொகையைத் தனியே எழுதிக் கேளுங்கள். கட்டியதனால் கேட்கும் உரிமை போய்விடாது. கட்டிய பிறகு, 3 சதவீதத் தள்ளுபடி கணக்கில் வரவானதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டணமும் தவறல்ல. பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கும், இலவச அளவுக்கு மேல் ஏ.டி.எம்.மில் எடுப்பதற்கும் வாங்கும் கட்டணங்கள் முறையானவையே. விவரம் கேட்டு, சரியென்று தெரிந்தால் அதோடு விட்டுவிடுவதுதான் நியாயம்.

முதலில் சொன்ன உழவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் எழுதிக் கொடுத்த பதினோராவது நாள் ரூ.590 அவர் கணக்குக்குத் திரும்பியது. குறைதீர்ப்பாளர் வரை போகவே வேண்டியிருக்கவில்லை. "இவ்வளவு நாளாக இதைப் படிக்காமல் வைத்திருந்தேனே" என்று பாஸ் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

உழவர் பெருமக்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து உங்கள் பாஸ் புத்தகத்தை எடுங்கள். உங்களுக்குப் படிக்கச் சிரமமான வரிகளைப் பள்ளி செல்லும் மகனையோ மகளையோ படிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை வங்கியில் பதிந்து வாருங்கள். விளங்காத வரி ஒன்று இருந்தாலும், அது எதற்கு என்று எழுதிக் கேளுங்கள்.