சும்மா இருக்கிறவர்கள்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ரயிலில் பேசித்தான் பழக்கம். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் தப்பா எடுத்துக்காதீங்க. பதினோரு வருஷமாக லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் வண்டிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி வந்த குரல் இது.

ரயிலுக்குப் போகிறவர்களின் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் ஊர் மணவூர் ஸ்டேஷனிலிருந்து மூணு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பக்கத்தில் திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய தலம். எங்கேயோ இருந்து அந்த அம்மா இங்கே வந்து தங்கினார். இங்கே பிறந்த நாங்கள் தினமும் விடிவதற்குள் கிளம்பிப் போகிறோம். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் பூண்டி ஏரிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. தண்ணியும் சென்னைக்கு, நாங்களும் சென்னைக்கு. தண்ணி திரும்பி வராது, நாங்க ராத்திரி திரும்பி வந்துடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில் எங்களுக்குப் புதுசு இல்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரைக்கும் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் பக்கமாகத்தான் போனது. ஆனால் எங்கள் ஆயா காலத்தில் ரயிலில் ஏறுவது கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோதான். அப்போது நெல், கரும்பு, வேர்க்கடலை என்று வருஷம் முழுக்க ஊரிலேயே வேலை இருந்தது. இப்போது நிறைய நிலத்தில் கல் நட்டு பிளாட் போட்டுவிட்டார்கள். நூறு நாள் வேலையை மட்டும் வைத்து ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை. அதனால் ஆம்பளைங்க மட்டும் போய்க்கொண்டிருந்த வண்டியில் நாங்களும் ஏறினோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல், செக்கிங், பேக்கிங். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஹவுஸ்கீப்பிங். சிலபேர் கீரை, பூ எடுத்துப் போய் விற்கிறார்கள்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். மூணரை மணிக்கு எழுந்திருப்பேன். சோறு, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, அஞ்சு மணிக்கு வீட்டுக்காரர் வண்டியில் ஸ்டேஷன். பெண்களுக்கு 2021-லிருந்து டவுன் பஸ் இலவசம், விடியல் பயணம் என்று பெயர். நல்ல திட்டம். ஆனால் எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவது ஆறரை மணிக்கு. எங்கள் விடியல் அதற்கு முன்னாடியே முடிந்துவிடும்.

பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து, ஏழரை மணிக்கு கேட்டுக்குள் இருக்க வேண்டும். சாயங்காலம் அஞ்சரைக்கு விட்டால் வீடு வர ஏழே முக்கால். அதுவும் வண்டி சரியாக வந்தால். திருவள்ளூர் வரைக்கும் வண்டி நிறைய உண்டு. அதைத் தாண்டிப் போக எங்களுக்கு அரக்கோணம் வண்டிதான். அதைத் தவறவிட்டால் திருவள்ளூரில் இறங்கி, அடுத்தது வரும் வரைக்கும் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியதுதான்.

பகலில் எங்கள் ஊரைப் பார்த்தால் யாரோ காலி பண்ணிட்டுப் போன ஊர் மாதிரி இருக்கும். ஆயாக்கள், தாத்தாக்கள், கைக்குழந்தைகள், ஆடு மாடு. தெருவில் பாதி வீடு பூட்டு. சாவு விழுந்தால்கூட, சாயங்கால வண்டி வந்த பிறகுதான் எடுக்கிறார்கள். தூக்க ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் ஊராக இருக்கும். கறிக்கடையில் கூட்டம், துணி துவைக்கிற சத்தம், சண்டை, சிரிப்பு எல்லாம் அன்றைக்குத்தான்.

இதெல்லாம் எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது எங்கள் குழு உடைந்து போக இருந்த கதை. அதில் தப்பு என் பேரிலும் இருக்கிறது.

எங்கள் குழுவில் 14 பேர். ஆறு பேர் ரயிலுக்குப் போகிறவர்கள். எட்டுப் பேர் ஊரில் இருப்பவர்கள். பஞ்சசூத்திரம் உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுவது, ஒழுங்கான கணக்குப் புத்தகம். இதில் முதல் சூத்திரமே எங்கள் ஆறு பேருக்கும் இடித்தது. கூட்டம் புதன்கிழமை மூணு மணிக்கு. அந்த நேரத்தில் நான் அம்பத்தூரில் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சேமிப்பை மகளிடம் கொடுத்தனுப்புவேன். வராததற்கு அபராதம் 20 ரூபாய், அதையும் அனுப்புவேன். தீர்மான நோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாலைந்து கூட்டத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவேன். அது சரியில்லை என்று எனக்கும் தெரியும், ஊக்குநருக்கும் தெரியும்.

பேங்க் லோன் வந்தபோது வெடித்தது. பங்கு பிரிக்கிற கூட்டத்துக்கு நாங்கள் ஆறு பேரும் லீவு போட்டு வந்தோம். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா ஒருத்தர் கேட்டார்: "கூட்டத்துக்கே வராதவங்களுக்கு லோன் மட்டும் எதுக்கு? நாளைக்குத் தவணைன்னா அப்பவும் ரயில்லதான இருப்பீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "மாசா மாசம் முதல்ல கட்டுறது நான்தான். வீட்ல சும்மா இருக்கிறவங்களுக்கு எங்க கஷ்டம் எங்க தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டேன்.

சும்மா இருக்கிறவங்க. அந்த வார்த்தை விழுந்ததும் கூட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. அந்த அக்கா நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு தெருவில் பார்த்தால் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். குழுவை ரெண்டாகப் பிரித்துவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

ரெண்டு வாரம் போயிருக்கும். கம்பெனியில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், வேலை முடிந்துதான் கையில் வரும். அன்றைக்கு அஞ்சரை மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தால் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் அந்த அக்கா நம்பர். பேசாமல் இருக்கிறவங்க பதினோரு தடவை கூப்பிட்டால் என்ன நினைப்பீர்கள்? கை நடுங்குது எனக்கு. கூப்பிட்டேன். "பயப்படாத, ஒண்ணும் ஆகல. பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா. எங்க வீட்லதான் இருக்கா. நிதானமா வா" என்றார்.

ஏழாவது படிக்கிற பிள்ளை. ஸ்கூலிலிருந்து வந்து, வீட்டில் யாரும் இல்லாமல், பாவாடையில் ரத்தத்தைப் பார்த்து பயந்துபோய் ஓடியிருக்கிறாள். வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலை. அம்மாவும் அம்மா நேரத்துக்கு வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து சிக்னல் கோளாறு, வண்டி வழியில் நின்றுவிட்டது. ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பெத்தவள் வண்டிக்குள் நின்றுகொண்டு அழுதால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா என்ன ஏது என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், "நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களா?" என்று ரெண்டு முழம் பூவை என் பையில் திணித்தார்.

வீடு வர ஒன்பதே கால் ஆகிவிட்டது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குத் துணி மாற்றி, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்து, இது வியாதி இல்லை, எல்லாருக்கும் வருவதுதான் என்று தைரியம் சொல்லித் தூங்க வைத்திருந்தார். என் பையனும் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்திருந்தான். படுக்கையில் கிடக்கிற மாமியாரையும் பார்த்துக்கொண்டு இவ்வளவும் செய்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு வரவில்லை. அவர்தான் சொன்னார்: "கை கால் கழுவிட்டு வா, சோறு இருக்கு. நான் சும்மாதான இருந்தேன், பாத்துக்கிட்டேன்."

குத்திக் காட்டினாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு அது வேண்டியதுதான்.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுக் கூட்டத்துக்குப் போனேன். ஒரு நாள் சம்பளமும் அட்டென்டன்ஸ் போனஸும் போச்சு. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு வேலை செய்தோம். ஊரில் இருக்கிறவர்கள் எங்களுக்காக என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று ஊக்குநர் ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினார். குழாயில் தண்ணி வருவது காலை பத்து மணிக்கு. பூட்டின வீட்டு வாசலில் இருக்கிற குடத்தை யார் நிரப்புகிறார்கள்? கேஸ் சிலிண்டர் வந்தால் யார் இறக்கி வைக்கிறார்கள்? ரேஷனில் சர்க்கரை போடுகிறார்கள் என்று யார் சொல்லி அனுப்புகிறார்கள்? ஒன்பது வீட்டுச் சாவி ஒரு அக்கா வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்கள் மாமியார்களைக் கூட்டிப் போவது யார்? என் பையன் படிக்கிற ஸ்கூலில் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் பொங்கலும் செய்வது எங்கள் குழு தங்கச்சிதான். 2023-ல் அந்தத் திட்டம் எங்கள் ஊர் ஸ்கூலுக்கு வந்த பிறகுதான் அவன் காலையில் சூடாகச் சாப்பிடுகிறான். எழுத எழுத ஒன்றரைப் பக்கம் வந்தது. நான் சம்பாதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த சம்பளத்தில் அவங்க உழைப்பும் இருந்திருக்கிறது. யாரும் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ரெண்டு தீர்மானம் போட்டோம். முதல் தீர்மானம், கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றுவது. கிராம சபை பெரும்பாலும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று லீவு நாளில் வருவதால்தான் எங்களால் போக முடிகிறது. குழுக் கூட்டம் மட்டும் ஏன் அப்படி இருக்கக் கூடாது? இப்போது 14 பேரில் 12 பேராவது வருகிறோம். பின்னால் போடுகிற கையெழுத்து இல்லை.

ரெண்டாவது தீர்மானத்துக்கு நேரம் பிடித்தது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் ரயிலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் இருப்பது. பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய். அக்கா மறுத்தார். "பிள்ளைங்களைப் பாத்துக்கறதுக்குக் காசா? காசு வாங்கினா உறவு போயிடும்" என்றார். நான் சொன்னேன்: "காசு குடுக்கலேன்னா மரியாதை போயிடும்க்கா. மறுபடியும் ஒரு நாள் நான் சும்மான்னு சொல்லிடுவேன்." எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார். சரி என்றார்.

இப்போது எட்டுப் பிள்ளைகள். மாதம் 2,400 ரூபாய். அதில் 800 ரூபாய் வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுக்கிற காலேஜ் பெண்ணுக்கு. மீதி அக்காவுக்கு. மகன் கையை எதிர்பார்க்காமல் சேமிப்பு கட்டுவது இதுதான் முதல் தடவை என்று அக்கா சொல்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு தங்கச்சி மனசு ஆறாமல் குழுவை விட்டுப் போய்விட்டாள். கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற சின்னப் பெண்கள் குழுவில் சேரவே யோசிக்கிறார்கள். ஸ்டேஷன் ரோட்டில் பாதி தூரம் இன்னும் இருட்டுதான்.

அதனால் கூட்டமைப்பிடம் மூணு கோரிக்கை. ரயிலுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் போகிறவர்கள் இருக்கிற ஊர்களில் குழுக் கூட்டமும் பயிற்சியும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அங்கன்வாடிக் கட்டடம் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு அதைக் கேட்டு வாங்கித் தாருங்கள். ஸ்டேஷன் ரோட்டுக்கு விளக்கு வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் எல்லாக் குழுவும் சேர்ந்து மனுக் கொடுப்போம்.

அந்த அக்கா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் என்னை மேடைக்கு அனுப்பினார். சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு அக்கா இருக்கிறார். திரும்பிப் போனதும் உங்கள் குழு நோட்டில் அவர் செய்கிற வேலையை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

 நாளைக்கு மூணரைக்கு எழுந்திருக்க வேண்டும், முடித்துக்கொள்கிறேன்.